மடத்துவெளி: நிலமும் நீரும் குடிகளும்

யாழ்ப்பாண நகரின் மேற்கெல்லையில் பண்ணைத் தாம்போதி தொடங்குகின்றது. அதன் வழியே புறப்படும் பேருந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்னும் ஊர்களைக் கடந்து, மீண்டும் ஒரு முறை கடலினூடே நீண்ட தாம்போதியொன்றில் ஏறுகின்றது. இருமருங்கும் முழங்காலளவு நீர். காலை வேளையாயின் அந்நீரில் நின்று வலை வீசுவோரையும், ஒற்றைக் காலில் தவமிருக்கும் கொக்குகளையும் காணலாம். அத்தாம்போதி முடியுமிடத்தே புங்குடுதீவு தொடங்குகின்றது. பேருந்து முதலிற் கால் வைக்கும் அந்த நிலத்துக்குப் பெயர் மடத்துவெளி.

பேருந்திலிருப்போரிற் பலர் அங்கே இறங்குவதில்லை. அவர்கள் தீவின் மறுகோடியிலுள்ள குறிகட்டுவான் துறைக்குச் செல்பவர்கள். அங்கிருந்து படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகவேண்டியவர்கள். ஆகவே மடத்துவெளி பல்லாயிரம் பேர் கண்ட ஊர். ஆனால் சிலரே அறிந்த ஊர். அவ்வூர் எத்தகைய நிலத்தில் அமைந்தது, அந்நிலம் எத்தனை பேரைத் தாங்கியது, இன்று ஏன் அத்தனை பேரைத் தாங்கவில்லை என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். மடம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். வெளி என்பது மரஞ்செடி அடராத திறந்த நிலப்பரப்பு. வயலையும் அச்சொல் குறிக்கும். இவ்விரண்டு சொற்களும் சேர்ந்தே ஊரின் இயல்பைச் சொல்லிவிடுகின்றன. வருவோரும் போவோரும் கடந்து செல்லும் வாயிலில் அமைந்த வயல்வெளி அது. அங்குள்ள பாலசுப்பிரமணியர் கோயிலை ‘வயலூர் முருகன்’ என அடியார்கள் அழைப்பதும் அந்த வயலை நினைவூட்டுவதே. அயலிலுள்ள ஊரதீவு, இறுப்பிட்டி, வல்லன், நடுவுத்துருத்தி, கேரதீவு என்னும் பெயர்களையும் நோக்குக. பிட்டி என்பது மேடு. துருத்தி என்பது நீர் சூழ்ந்த திடல். தீவுக்குள்ளேயே தீவு எனப் பெயர் பெற்ற இடங்களும் உண்டு. மாரிகாலத்தில் எந்த நிலம் மேலே நின்றது, எந்த நிலம் நீரில் ஆழ்ந்தது என்பதை முன்னோர் இப்பெயர்களிலே எழுதி வைத்துவிட்டனர். படம் வரையத் தெரியாத காலத்துக்கு அவையே தேசப்படம்.

புங்குடுதீவு ஏறத்தாழ 11 சதுரமைல் பரப்புடையது. வடக்கே 9 பாகை 35 கலை அளவிலான அகலாங்கில், பாக்கு நீரிணையின் தென்கிழக்கு ஓரத்தில் அது கிடக்கின்றது. மலை இல்லை, ஆறு இல்லை, அருவி இல்லை. தீவின் எந்த மேட்டில் நின்றாலும் கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரமே. அடியிலே சுண்ணக்கல், அதன்மேல் மெல்லிய மண்போர்வை. மண் சற்று ஆழமான இடம் வயலாயிற்று. கல் தலைகாட்டும் இடம் கலட்டியாயிற்று. உவர் ஏறிய தாழ்நிலம் ஆடுமாடு மேயும் தரவையாயிற்று. இவை மூன்றையும் சுற்றிப் பனை நின்றது. கலட்டியிலும் வளரும், மணலிலும் வளரும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதனால், தீவு மக்களுக்குப் பனை ஓர் உறவினர் போன்றது. கூரைக்கு ஓலை, வளைக்கு மரம், உணவுக்கு ஒடியலும் பனாட்டும், தண்ணீர் இறைக்கப் பட்டை என்று அது கொடாதது குறைவு.

இனி நீரைப்பற்றிச் சொல்லவேண்டும். இத்தீவின் வரலாறு முழுவதும் ஒரு கிணற்றுக்குள் அடங்கும் என்றால் அது மிகையன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓராண்டில் 50 அங்குலம் அளவில் மழை பெய்கின்றது. தீவுகளிலே அது சற்றுக் குறைவு. அம்மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் அந்த மூன்று மாதத்து நீரே முதல். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்குகின்றது. கீழே நாற்புறமிருந்தும் ஊடுருவிய கடல்நீர் நிற்கின்றது. நன்னீர் இலேசானது; கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல, உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கின்றது.

இந்த உண்மையைக் கணக்காக வகுத்தவர்கள் இருவர். ஒல்லாந்தரான பதோன் கைபன் 1889 அளவில் தம் நாட்டுக் கடற்கரை மணற்குன்றுகளை ஆராய்ந்து கண்டார். செருமானியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இல் வடகடலிலுள்ள சிறு தீவொன்றில் வேறாக அதையே கண்டார். அவர்கள் கண்ட விதி இது: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மேலே ஓரடி நீரை அளவின்றி இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி மேலெழும். நன்றாயிருந்த கிணறு உப்பாகிவிட்டது என்று தீவு மக்கள் துயரத்தோடு சொல்லும்போது, அவர்கள் அறியாமலே சொல்வது இவ்விதியைத்தான்.

விதியை அவர்கள் ஏட்டிற் படிக்கவில்லை. ஆனால் வாழ்க்கையிற் படித்திருந்தனர். கிணற்றை ஆழமாகத் தோண்டலாகாது என்பதை அறிந்திருந்தனர். கோடையிலே குளத்தின் அடியிற் சிறு பூவல் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மெல்ல அள்ளினர். வயலுக்கு வரம்பு கட்டினர். வெள்ளம் கடலுக்கு ஓடாதபடி அணை போட்டனர். ஆடி, ஆவணி மாதங்களிலே குளத்தைத் தூர்வாரி, அந்தச் சேற்றை எருவாக வயலுக்கு இட்டனர். ஒரே வேலையால் குளமும் ஆழமாயிற்று, வயலும் வளமாயிற்று. மாரி நெல்லும், வரகு சாமை குரக்கனும், நன்னீர் கிடைத்த தோட்டங்களிற் புகையிலையும் விளைந்தன. எனினும் 11 சதுரமைல் நிலம் தன் விளைவைக்கொண்டு மாத்திரம் தன் மக்கள் எல்லாரையும் ஊட்ட வல்லதன்று. ஆகவே அம்மக்கள் கடலை நோக்கினர்.

பாக்கு நீரிணை தீவு மக்களுக்குத் தடையாயிருந்ததில்லை. அது அவர்களுக்குத் தெருவாயிருந்தது. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவிலே உள்ளது. பரதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும், யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின் காற்பங்கு அரசனுக்கு, வணிகக் கலமாயின் செம்பாகம் அரசனுக்கு என்றும் அது விதிக்கின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கடலில் கப்பலோட்டம் அத்துணை மிக்கிருந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டுமே இன்றும் உலகவழக்கில் நிற்கின்றது. ஒல்லாந்திலுள்ள மிடில்பேர்க் நகரமும் ஒருகாலத்தில் தீவாயிருந்த நிலத்தில் அமைந்ததே. 1871 இல் அணையிட்டு அதனைப் பெருநிலத்தோடு இணைத்தார்கள். பெயர் கொடுத்த ஊருக்கும் பெயர் பெற்ற ஊருக்கும் இத்தகைய ஒற்றுமை வாய்த்தது வியப்பே.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான தாம்போதி இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். அதற்கு முன்னர், நோயாளியாயினும் கர்ப்பிணியாயினும் தோணியையும் காற்றையும் நம்பியே கடலைக் கடக்க வேண்டியிருந்தது. சோளகம் பலமாக வீசும் நாளிலே தோணி புறப்படாது. இந்நிலை மாறவேண்டும் என்று அயராது முயன்ற வாணர் உடன்பிறந்தாரின் பெயரால், அப்பாதை ‘வாணர் தாம்போதி’ என வழங்குகின்றது. அதன் பின்னரே மடத்துவெளி தீவின் வாயிலாயிற்று.

பாதை இருவழிப்பட்டது. உள்ளே வருவதற்கு அமைந்தது வெளியே போவதற்கும் அமைந்தது. புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் கடைகளும் உணவுச்சாலைகளும் நடத்திப் பேர்பெற்றவர்கள். ஆண்கள் கடையில் இருந்தனர்; மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். மாதந்தோறும் காசுக்கட்டளை வந்தது. திருவிழாவுக்கு ஆளே வந்தார். அப்பணத்தாற் கல்வீடுகள் எழுந்தன. கோயில்கள் கோபுரம் கண்டன. கமலாம்பிகை வித்தியாலயம் முதலிய பள்ளிகள் வளர்ந்தன. மண் தாங்கக்கூடிய அளவினும் மிகுதியான மக்களை அத்தீவு தாங்கியமைக்கு இதுவே காரணம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. நன்னீர் அரிதாயிருந்த தீவில் அந்நீரும் எல்லாருக்கும் ஒப்பக் கிடைக்கவில்லை. சாதியின் பெயரால் ஒரு பகுதியினர் நல்ல கிணறுகளின் பக்கம் நெருங்க விடப்படவில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம், கண்ணகி அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் அவர்களும் நீரள்ளவேண்டும் என்று 1971 இல் அறவழியிற் போராடினார். அதற்காக அவர் காவற்றுறையினரால் அடிபட்டுச் சிறையும் புகுந்தார். இரண்டு ஆண்டுகளின் பின், 1973 இல், நாற்பது வயது நிரம்புமுன்னரே அவர் மறைந்தார். ஒரு குடம் தண்ணீர் எத்துணை விலைமதிப்புடையது என்பதை இத்தீவின் வரலாற்றில் அறிய விரும்புவோர் அந்த நிகழ்ச்சியை அறிந்திருத்தல் வேண்டும்.

இனிக் குடிகளின் தொகையை நோக்குவோம். இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் நடைபெற்றது. அதன்பின் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகள் எண்ணப்பட்டன. ஆயினும் மடத்துவெளி என்ற பெயரைத் தேடி அந்த அறிக்கைகளைப் புரட்டுவோர் ஏமாறுவர். மடத்துவெளிக்கெனத் தனிச் சபை இருந்ததில்லை. அரசாங்கம் வரைந்த தனியெல்லையும் இருந்ததில்லை. தீவு 12 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டார எண்ணாலேயே கடிதங்களிலும் பத்திரங்களிலும் குறிக்கப்பட்டது. கிராமசபைகள் 1981 இல் ஒழிந்தன. பின்னர் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. இன்று புங்குடுதீவு முழுவதும் வேலணைப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே அரசாங்க ஏட்டில் மடத்துவெளி ஓர் எண்ணுக்குள் மறைந்து நிற்கின்றது. மக்கள் வாயிலேதான் ஊராக வாழ்கின்றது. எல்லைக்கல் எங்கே என்று கேட்டால் எவராலும் காட்டமுடியாது. ஆனால் இன்னார் மடத்துவெளியார் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழாது.

1981 ஆம் ஆண்டின் மதிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில், பின்னர் தனிமாவட்டமான கிளிநொச்சியை நீக்கி, 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 1983 யூலையில் நிகழ்ந்த கலவரத்தின்போது தெற்கிலே கடைகள் எரிந்தன. கடைகாரர் பலர் வெறுங்கையோடு தீவுக்குத் திரும்பினர். அதன்பின் போர் தீவையே தேடி வந்தது. 1990 இலும் 1991 இலும் அரச படையினர் தீவுகளைக் கைப்பற்றியபோது, தீவு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு குடாநாட்டுக்கும், அங்கிருந்து வன்னிக்கும், கொழும்புக்கும், கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கும் சிதறினர். 1991 இல் இலங்கை முழுவதிலுமே மதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் நடந்த மதிப்பு வடக்கிலே நிறைவுறவில்லை. 2012 இல் மீண்டும் எண்ணியபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தோர் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே. முப்பத்தோராண்டில் நாடு வளர்ந்தது; மாவட்டம் ஒன்றரை இலட்சம் பேரை இழந்தது. நிலத்தாலும் கடலாலும் ஒதுங்கிய தீவுகள் அவ்விழப்பைக் கூடுதலாகச் சுமந்தன.

இன்று மடத்துவெளியின் ஒழுங்கைகளில் நடப்பவர் காண்பது என்ன? ஒரு வளவிலே புதிதாய் வெள்ளையடித்த வீடு. அடுத்த வளவிலே கூரையில்லாத சுவர். அதற்கடுத்ததிலே சுவரையும் பிளந்துகொண்டு நிற்கும் ஆலமரம். போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகியும் இவ்வாறிருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்குகள் ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், ‘தேசவழமை’ என்ற சட்டத்தொகுப்பாயின. அதன்படி சொத்து பிள்ளைகளுக்குப் பங்காக இறங்குகின்றது. பங்காளர் ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால், மற்றப் பங்காளருக்கே முதலுரிமை. உடன்பிறந்தார் யாவரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலத்தில் அது குடும்பத்தைக் கட்டிக்காத்த நல்ல சட்டம். இன்றோ நான்கு பரப்புக் காணிக்கு உரியவர்கள் நான்கு நாடுகளில் இருக்கின்றனர். ஒருவர் கையொப்பம் ரொறன்ரோவிலிருந்து வரவேண்டும்; மற்றொருவருடையது சூரிச்சிலிருந்து வரவேண்டும். விற்க மனமில்லை; வந்து வாழவும் வழியில்லை. ஆகவே ஆலமரம் வளர்கின்றது.

வெறுமையான வளவு அயலாரையும் பாதிக்கும். ஆளில்லாத வயலுக்கு வரம்பில்லை. வரம்பில்லாத வயலில் விழுந்த மழை, மண்ணுக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடுகின்றது. தூர்வாராத குளம் மாரியில் விரைவாய் நிரம்பி, கோடையில் விரைவாய் வற்றுகின்றது. நிலத்தடி நன்னீர் வில்லை மெலிகின்றது, உவர் மேலெழுகின்றது. கிணறு உவர்த்தால் எஞ்சியிருக்கும் குடும்பமும் தண்ணீர் வண்டியின் வரவைப் பார்த்து வாசலில் நிற்கவேண்டியதாகின்றது. சலித்துப்போய் அதுவும் பட்டணம் போய்விட்டால் இன்னொரு வயல் வரம்பிழக்கின்றது. தண்ணீரில்லாமையால் மக்கள் போகின்றனர் என்று சொல்வது வழக்கம். மக்கள் போவதாலும் தண்ணீர் போகின்றது என்பதே மறுபாதி உண்மை. நிலம் மக்களைத் தாங்குவதுபோல, மக்களும் அந்த நிலத்தைத் தாங்கி நின்றார்கள்.

கடல்நீரை நன்னீராக்கும் பொறிகள் இப்பொழுது வந்துவிட்டன. குடாநாட்டின் கிழக்குக் கரையில் தாளையடியில் பெரிய நிலையமொன்று 2024 இல் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் பொறி குடத்தை நிரப்பும், குளத்தை நிரப்பாது. வயலுக்கும் தரவைக்கும் பனைக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மழைநீரே கதி. புலம்பெயர்ந்த ஊரார் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டிடத்துக்கும் அள்ளிக் கொடுப்பதை யாவரும் அறிவர். அக்கொடையில் ஒரு சிறு பங்கு ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரவும், வெளிநாட்டில் இருப்பவர் தம் காணியின் வரம்பைக் கட்டி அயலவர் ஒருவரிடம் பயிரிட ஒப்படைக்கவும் செல்லுமாயின், அது எந்தக் கோபுரத்துக்கும் குறைந்த புண்ணியமன்று.

கோயிற் கொடியேறும் நாட்களில் மடத்துவெளி ஒரு சிறு பட்டினமாக மாறுகின்றது. பிற நாடுகளிற் பிறந்த பிள்ளைகள், அப்பாவின் பள்ளிக்கூடம் எது, அப்பாச்சியின் கிணறு எது என்று கேட்டுக்கொண்டு ஒழுங்கைகளிலே திரிகின்றனர். பத்து நாள் கழிந்ததும் வாகனங்கள் தாம்போதியில் ஏறிவிடுகின்றன. குடிசன மதிப்பு எழுத வருபவர் அவர்களை எண்ணமாட்டார். வழக்கமாக வசிப்பவர் பெயரையே அவர் எழுதவேண்டும். சட்டப்படி அது சரியே. ஆனால் அப்பிள்ளைகளில் ஒருவர் அப்பாச்சியின் கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீர் உப்பா நன்னீரா என்று நாவில் வைத்துப் பார்ப்பாராயின், மடத்துவெளியின் கணக்கில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

ஐப்பசி பிறந்ததும் வாடைக்காற்றோடு முகில் கறுக்கும். மழை ஆள் இருக்கும் வளவு, இல்லாத வளவு என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றின்மேலும் ஒப்பவே பெய்யும். அதனை ஏந்தி வைப்பதற்கு எத்தனை வரம்புகள் ஆயத்தமாக இருக்கின்றன என்பதிலேயே, வரும் மதிப்பில் அவ்வூரில் எத்தனை பேர் எண்ணப்படுவர் என்பது தங்கியிருக்கின்றது.